நுளம்பின் வயிற்றில் பத்து நாள்



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றுக்கு இரண்டு வரியில் பதில் எழுதிவிட முடியவில்லை. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். எழுதியவர் மூன்று பிள்ளைகளின் தாய். மூத்த மகனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் இருந்து, சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டான். அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்ட வேளையில் இளைய மகளுக்குக் காய்ச்சல். மகனுக்குக் காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் அது 16ஆம் நாள். இரத்தத்தைப் பரிசோதித்தால் அதுவும் டெங்குதான்.

"காய்ச்சல்காரப் பிள்ளையோடு ஒரே சஹனில் உட்கார்த்தி வைத்துச் சாப்பாடு கொடுத்தாய், அதனால்தான் தொற்றியது என்று மாமி சொல்கிறார். நான்தான் என் பிள்ளைக்கு நோயைக் கொடுத்துவிட்டேனா? நுளம்பால் வந்தது என்றால், வீட்டில் இருந்த நுளம்பு அன்றே எங்கள் எல்லோரையும் கடித்ததே! ஏன் 16 நாள் கழித்து வர வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் அந்தத் தாயின் மனப்பாரத்தை இறக்கிவிடுவோம். சகோதரி, சஹனில் டெங்கு தொற்றாது. ஒரே பாயில் படுப்பதாலோ, ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதாலோ, பிள்ளையை அணைத்து முத்தமிடுவதாலோ தொற்றாது. மாமியையும் குறை சொல்வதற்கில்லை. வீட்டில் ஒருவருக்குப் பின் ஒருவர் விழுந்தால் கூட இருந்ததால் வந்தது என்றுதானே யாரும் நினைப்பார்கள். ஆனால் நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்வி இருக்கிறதே, அது மிகவும் கெட்டிக்காரத்தனமான கேள்வி. உலகத்தின் பெரிய வைத்தியர்களையே ஒரு காலத்தில் திணறடித்த கேள்வி அது.

நம்மில் பலர் நுளம்பை ஒரு ஊசி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நோயாளியின் இரத்தத்தில் ஊசியைத் தோய்த்து அடுத்தவரைக் குத்தினால் நோய் போய்விடும் அல்லவா, அதைப் போல. ஆனால் நுளம்பின் அந்த மெல்லிய தும்பிக்கைக்குள் இரண்டு தனித்தனிக் குழாய்கள் இருக்கின்றன. ஒன்றின் வழியாக அதன் உமிழ்நீர் நம் உடம்புக்குள் இறங்குகிறது. மற்றதன் வழியாக நம் இரத்தம் அதன் வயிற்றுக்குள் ஏறுகிறது. ஏறிய இரத்தம் திரும்பி வந்து அடுத்தவர் உடம்பில் கொட்டுவதில்லை. நுளம்பு கடித்து எயிட்ஸ் வராதா என்று அடிக்கடி கேட்கிறீர்கள். அது வராததற்கு இதுவும் ஒரு காரணம். எயிட்ஸ் வைரஸ் நுளம்பின் வயிற்றில் பெருக மாட்டாது. இரத்தத்தோடு சேர்ந்து செமித்துப்போகும்.

அப்படியானால் டெங்கு வைரஸ் எப்படி வெளியே வருகிறது? வயிற்றில் விழுந்தது உமிழ்நீரில் வர வேண்டும். வயிற்றிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பி வரைக்கும் நுளம்பின் உடம்புக்குள்ளேயே அது ஒரு நீண்ட பயணம் செய்ய வேண்டியிருக்கிறது.

கடிப்பது பெண் நுளம்பு மட்டுமே. ஆண் நுளம்பு பூந்தேனைக் குடித்துவிட்டுத் தன் பாட்டில் கிடக்கும். பெண்ணுக்கு முட்டை விளைவதற்கு இரத்தம் வேண்டும். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் எஜிப்தி என்ற நுளம்பு, கால்களிலும் உடம்பிலும் வெள்ளைக் கோடு போட்டது, பகலில் கடிப்பது. ஒரு தடவையில் தன் உடல் எடை அளவுக்கு இரத்தம் குடித்துவிடும். வயிறு பலூன் போல ஊதிவிடும்.

அந்த இரத்தம் போய்த் தங்கும் இடம் நடுக்குடல். அதன் சுவர் கலங்களால் ஆனது. ஒற்றைச் செங்கல் வரிசையில் கட்டிய மதிலைப் போல ஒரே ஒரு வரிசைக் கலங்கள். இரத்தம் இரண்டு மூன்று நாளில் செமித்துவிடும். அதற்குள், இரத்தத்தைச் சுற்றி நுளம்பு ஒரு மெல்லிய உறையையும் சுரந்துவிடும். ஆகவே வைரஸுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். முதல் சில மணித்தியாலங்களுக்குள் அந்தச் சுவரின் கலம் ஒன்றுக்குள் புகுந்துவிட்டால் தப்பியது; இல்லாவிட்டால் அதுவும் உணவோடு உணவாகச் செமித்துப்போகும். எத்தனையோ நுளம்புகளில் வைரஸின் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது. நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் குறைவாக இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான்.

புகுந்துவிட்டால், சுவர் முழுவதிலும் ஒரேயடியாகப் பரவுவதில்லை. ஆரம்பத்தில் ஆங்காங்கே ஒருசில கலங்களில் மட்டும் பிடிக்கிறது. வெள்ளைத் துணியில் மஞ்சள் கறி தெறித்த புள்ளிகளைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். புகுந்த கலத்தையே தொழிற்சாலையாக்கித் தன்னைப் போல ஆயிரக்கணக்கில் செய்துகொள்கிறது. அவை பக்கத்துக் கலங்களுக்குத் தாவுகின்றன. புள்ளிகள் விரிந்து ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு கிழமை பத்து நாளில் நடுக்குடலின் பெரும்பகுதியே வைரஸ் மயமாகிவிடுகிறது.

இவ்வளவு பெருகினாலும் சுவரைத் தாண்டி வெளியே வருவது இலேசல்ல. கலவரிசைக்குப் பின்புறம் மிக நெருக்கமாக நெய்த ஒரு சவ்வு போர்த்தியிருக்கிறது. தேங்காய்ப்பால் வடிக்கும் துணியை நினைத்துக்கொள்ளுங்கள். டெங்கு வைரஸ் எவ்வளவு சிறியது தெரியுமா? 20,000 வைரஸை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீற்றர் வரும். அதற்குக்கூட இந்தத் துணியின் கண்கள் சிறியவை. சில நுளம்புகளில் குடல் நிறைய வைரஸ் இருந்தும் வெளியே ஒன்றும் வராமலே போய்விடுகிறது.

வெளியே வந்துவிட்டால் அதன் பின் பாதை திறந்தது. நமக்கு இருப்பதைப் போல நுளம்புக்கு நாடி, நாளம் என்று இரத்தக் குழாய்களின் வலை கிடையாது. உடற்குழி முழுவதும் ஒரு திரவம் நிரம்பியிருக்கிறது; குடலும் மற்ற உறுப்புகளும் அதில் ஊறிக் கிடக்கின்றன. வைரஸ் அந்தத் திரவத்தில் இறங்கி உடம்பெங்கும் போகிறது. நமது ஈரலின் வேலையைப் போன்ற பல வேலைகளைச் செய்யும் கொழுப்பு இழையத்தில் பெருகுகிறது. நரம்பிலும் மூளையிலும் பெருகுகிறது. மூச்சுக் குழாய்களிலும் காணப்படுகிறது. கடைசியில் தலைக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சுப் பகுதியில் இருக்கும் ஒரு சோடி உமிழ்நீர்ச் சுரப்பிகளை அடைகிறது. ஒவ்வொரு சுரப்பிக்கும் மூன்று மூன்று இதழ்கள். அந்த இதழ்களின் கலங்களுக்குள் புகுந்து, பெருகி, அங்கிருந்து உமிழ்நீருக்குள் கசிய வேண்டும். குடலுக்குள் புகுவது, குடலை விட்டு வெளியேறுவது, சுரப்பிக்குள் புகுவது, சுரப்பியை விட்டு வெளியேறுவது என்று நான்கு கதவுகள். நான்கையும் கடந்த பிறகுதான் அந்த நுளம்பின் கடியில் நோய் இருக்கும். அதுவரைக்கும் அது கடித்தால் அரிப்பு மட்டுமே.

இவ்வளவு நடந்தும் நுளம்புக்கு வெளிப்படையாக நோய் ஒன்றும் தெரிவதில்லை. அதன் உடம்பிலும் வைரஸை எதிர்க்கும் ஏற்பாடுகள் உண்டு. அவை வைரஸை அடக்கி வைக்கின்றனவே தவிர, அழித்து முடிப்பதில்லை. ஆகவே ஒருமுறை தொற்றிய நுளம்பு சாகும்வரை தொற்றிய நுளம்புதான். கொசுவை உவமையாகக் கூற அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்ற கருத்துள்ள வசனத்தை சூரத்துல் பகராவில் எத்தனை தடவை ஓதியிருப்போம். இரண்டு மில்லிகிராம் எடைகூடச் சரியாக இல்லாத ஒரு சீவனுக்குள் இவ்வளவு வேலைப்பாடா என்று நுணுக்குக்காட்டியில் பார்த்தவர்கள் வியந்துதான் போகிறார்கள்.

இந்தப் பயணத்துக்கு எவ்வளவு நாள் எடுக்கும்? சாதாரணமாக 8 முதல் 12 நாள் என்கிறார்கள். ஆனால் நுளம்பின் உடம்புக்கு நம்மைப் போல நிலையான சூடு கிடையாது. வெளியே என்ன சூடோ அதுதான் அதற்கும். ஆகவே நாட்கணக்கு ஊருக்கு ஊர் மாறும். சூழல் வெப்பம் 25 பாகை செல்சியஸாக இருந்தால் சராசரியாக 15 நாள் செல்லும். 30 பாகையில் ஒரு கிழமைக்குள்ளேயே முடிந்துவிடும். கல்முனையில் ஒரு கிழமையில் நடப்பது நுவரெலியாப் பக்கம் நடக்காமலே போவதற்கு, குளிரில் நுளம்பு குறைவு என்பதோடு இதுவும் ஒரு காரணம்.

இந்த நாட்கணக்கை முதலில் கண்டுபிடித்த விதம் சுவையானது. அது டெங்கில் அல்ல, மஞ்சள் காய்ச்சலில். நம் நாட்டில் அந்த நோய் இல்லை. ஹஜ்ஜுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் போகிறவர்கள் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் அதைப் பரப்புவதும் இதே ஈடிஸ் எஜிப்தி நுளம்புதான். வைரஸும் டெங்கு வைரஸின் நெருங்கிய உறவு. கியூபா நாட்டு வைத்தியர் கார்லோஸ் ஃபின்லே, இது நுளம்பால் பரவுகிறது என்று 1881லேயே சொல்லிவிட்டார். நோயாளியைக் கடித்த நுளம்பைச் சுகதேகிகள் மீது விட்டுப் பல தடவை சோதித்தும் பார்த்தார். தெளிவாக நிரூபிக்க முடியவில்லை. ஊரும் நம்பவில்லை. என்ன காரணம் என்றால், நோயாளியைக் கடித்து ஒருசில நாட்களிலேயே அவர் நுளம்பை மற்றவர் மீது விட்டுவிட்டார். வைரஸ் அப்போது குடலைவிட்டு வந்திருக்காது.

1898இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், ஓர்வுட், டெய்லர் என்ற இரண்டு சிற்றூர்களில் மஞ்சள் காய்ச்சல் வந்தது. ஹென்றி கார்ட்டர் என்ற வைத்தியர் அங்கே தனித்தனியாக இருந்த பண்ணை வீடுகளுக்குப் போய், யார் எந்த நாளில் விழுந்தார், யார் எந்த நாளில் பார்க்க வந்தார் என்று பொறுமையாக விசாரித்து எழுதினார். நோயாளி விழுந்த முதல் சில நாட்களில் வீட்டுக்கு வந்து போனவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. இரண்டு கிழமை அளவில் சென்ற பிறகு அதே வீட்டுக்கு வந்தவர்கள் விழுந்தார்கள். அந்நேரம் நோயாளி எழுந்து நடமாடினாலும் சரி, மவுத்தாகி அடக்கம் செய்யப்பட்டிருந்தாலும் சரி. ஆக, ஆபத்து நோயாளியில் அல்ல, வீட்டில் எங்கோ முதிர்ந்துகொண்டிருக்கிறது என்று கார்ட்டர் கண்டார். நோய் விசாரிக்க வருகிறவர்களைப் பற்றி நம் வீடுகளில் எப்போதும் ஒரு கணக்கு இருக்குமே, அந்தக் கணக்கிலிருந்துதான் இந்தப் பெரிய உண்மை பிறந்தது.

இரண்டு வருடம் கழித்து ஹவானாவில் அமெரிக்க இராணுவ வைத்தியர் குழு ஒன்று அதைச் சோதித்தது. ஒரு நோயாளியைக் கடித்து 12 நாளான நுளம்பை, 1900 ஆகஸ்ட் 27ஆம் திகதி ஜேம்ஸ் கரோல் என்ற வைத்தியர் தன் கையில் கடிக்க விட்டார். கடும் காய்ச்சலில் விழுந்து உயிர் தப்பினார். அதே குழுவைச் சேர்ந்த ஜெசி லஸியர் அடுத்த மாதம் அதே நோயில் இறந்துபோனார்.

இப்போது கடிதம் எழுதிய சகோதரியின் 16 நாளைக் கணக்குப் பார்ப்போம். மகனுக்குக் காய்ச்சல் தொடங்கிய முதல் இரண்டு நாளில் வீட்டு நுளம்பு ஒன்று அவனைக் கடித்திருக்கும். அதன் உடம்புக்குள் வைரஸ் முதிர எட்டு ஒன்பது நாள். பிறகு அது மகளைக் கடித்திருக்கும். மனித உடம்புக்குள் வைரஸ் புகுந்து காய்ச்சலாக வெளிப்பட 4 முதல் 10 நாள் வரை. பெரும்பாலும் ஐந்தாறு நாள். கூட்டிப் பாருங்கள், 16 வருகிறது. இரண்டு பிள்ளைகளும் ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாளிலோ விழுந்திருந்தால் கதை வேறு. ஏற்கெனவே முதிர்ந்த ஒரு நுளம்பு இருவரையும் ஒரே நேரத்தில் கடித்துவிட்டது என்று கொள்ளலாம். இந்த நுளம்பு ஒரே ஆளில் ஆறுதலாக உட்கார்ந்து குடிக்காது. கையை அசைத்தால் பறந்து அடுத்த ஆளிடம் போகும். ஒரு வயிற்றுக்கு மூன்று பேரைக்கூடக் கடிக்கும்.

இதிலிருந்து வீட்டுப் பெண்களாகிய நமக்கு ஒரு விடயம் புலப்பட வேண்டும். டெங்குக் காய்ச்சல் என்று தெரிந்தவுடன் நோயாளியைப் பகலிலும் நுளம்பு வலைக்குள் வைக்கும்படி வைத்தியர்கள் சொல்கிறார்கள். அதைக் கேட்டுப் பலர் சிரிக்கிறார்கள். "வந்தவருக்கு வந்துவிட்டது, இனி எதற்கு வலை?" என்கிறார்கள். அந்த வலை அவருக்காக அல்ல, மற்றப் பிள்ளைகளுக்காக! காய்ச்சலுக்கு ஓரிரு நாள் முன்பிருந்து, தொடங்கி ஐந்து நாள் அளவு வரை அவருடைய இரத்தத்தில் வைரஸ் நுளம்புக்குத் தொற்றும் அளவில் இருக்கும். அந்த நாட்களில் நுளம்பு அவரைக் கடிக்காவிட்டால் அதன் வயிற்றில் பயணமே தொடங்காது. மலேரியாக் காலத்தில் பழகிய பழக்கத்தில் இரவில் மட்டும் வலை கட்டுகிறோம். மலேரியா நம் நாட்டிலிருந்து ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றிதழே தந்துவிட்டது. டெங்கு நுளம்புக்குப் பிடித்த நேரம் காலையும், அஸருக்குப் பின் மஃரிப் வரையும். ஆகவே பகலில் கட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குப் பகலில்தான் வலை வேண்டும்.

இது மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். டெங்கு வைரஸ் தொற்றியும் காய்ச்சலே வராமல் நடமாடுகிறவர்கள் பலர். அவர்களுடைய இரத்தத்திலிருந்தும் நுளம்புக்குத் தொற்றுகிறது என்று கம்போடியாவில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அவர்களை வலைக்குள் பிடித்து வைக்க யாரால் முடியும்? நுளம்பையே குறைத்தாக வேண்டும்.

இன்னொரு புதிய செய்தியும் உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் உள்ள விவசாய ஆய்வு நிலையத்தார் 2020இல் வெளியிட்டது. அதற்கு முன் ஆய்வுகூடங்களில் நுளம்புக்கு ஒரே ஒரு தடவை இரத்தம் கொடுத்துவிட்டு நாளை எண்ணினார்கள். இவர்கள் சில நாள் கழித்து இரண்டாவது தடவையும், நோயில்லாத சுத்த இரத்தம், கொடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் குடலைவிட்டு வெளியேறுவது விரைவாகிவிட்டது. வயிறு மீண்டும் ஊதும்போது அந்த வடிதுணி இழுபட்டு நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. அதனூடாக வைரஸ் நழுவுகிறது என்று கண்டார்கள். நம் வீட்டு நுளம்பு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை குடிக்கிறது. ஆகவே, நோயாளி அல்லாத மற்றவர்களைக் கடிப்பதும் வைரஸுக்குத்தான் உதவுகிறது.

அப்படியிருந்தும் ஒரு நல்ல விடயம் இருக்கிறது. நுளம்பின் ஆயுள் குறைவு. இரண்டு மூன்று கிழமை வாழ்ந்தால் பெரிய காரியம். பல நுளம்புகள் வைரஸ் முதிரும் முன்பே செத்துவிடுகின்றன. நோயைக் கொடுப்பது நுளம்புக் கிழவிகள்தான். கிழவி ஆக விடாமல் தடுத்தாலே வெற்றி. நோயாளி வீட்டைச் சுற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் புகை அடிப்பிக்க அவசரப்படுவது இதற்காகத்தான். அந்தப் பத்து நாள் முடிவதற்குள் அவற்றைக் கொல்ல வேண்டும். புகைக்காரர் வந்தால் நாம் கதவு, ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கொண்டால் உள்ளே இருக்கும் நுளம்புகளுக்கு நாமே அடைக்கலம் கொடுத்தவர்களாவோம். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு, அவர்கள் சொல்கிறபடி திறந்து விடுங்கள். இந்த நுளம்பு இருட்டும் நிழலும் தேடி வீட்டுக்குள்ளேயே உட்காரும். கட்டிலுக்கு அடியில், அலுமாரிக்குப் பின்னால், கதவுக்குப் பின்னால் கொழுவியிருக்கும் அபாயாக்களின் மடிப்பில். வெளியே போகுமுன் அவற்றை உதறிப் பார்த்தால் தெரியும்.

நுளம்பின் உடம்புக்குள்ளேயே கதவை அடைக்கும் வழியும் ஒன்று வந்திருக்கிறது. பழ ஈ போன்ற பல பூச்சிகளின் கலங்களுக்குள் வொல்பாக்கியா என்ற பக்றீரியா இயற்கையாக வாழ்கிறது. ஈடிஸ் எஜிப்தியில் இயல்பாக அது இல்லை. ஆய்வுகூடத்தில் அதை நுளம்பின் முட்டைக்குள் செலுத்தி வளர்த்தபோது, அந்த நுளம்பின் இழையங்களில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருக முடியாமல் போனது. தாயிலிருந்து முட்டைகளுக்கும் அது போய்ச் சேர்கிறது. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரில் இத்தகைய நுளம்புகளை விட்ட பகுதிகளில் டெங்கு 77 வீதம் குறைந்தது என்று 2021இல் அறிவித்தார்கள். நம் நாட்டிலும் 2020இல் நுகேகொடையிலும் கொழும்பின் சில பகுதிகளிலும் விட்டுப் பார்த்தார்கள். நுளம்பை ஒழிக்க நுளம்பையே விடுவதா என்று முதலில் கேட்டபோது எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இப்போது அது நல்ல முயற்சி என்றே நினைக்கிறேன்.

ஆனால் அது நம் ஊருக்கு வரும்வரை நம்மிடம் இருப்பது வாளியும் தும்புத்தடியும்தான். 2017இல் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்து 400க்கு மேற்பட்டோர் மவுத்தானார்கள். அந்த வருடம் மார்ச் மாதத்தில் கிண்ணியா பட்ட பாடு நம்மில் பலருக்கு மறக்காது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் பரசிட்டமோல் தவிர்ந்த அஸ்பிரின், இபுபுரோபன் போன்ற வலி மாத்திரைகளை வைத்தியர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். இரத்தக் கசிவை அவை கூட்டிவிடும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதியடையும் அந்த மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையுமே ஆபத்தான காலம். வயிற்று வலி, விடாத வாந்தி, கைகால் குளிர்தல், சோர்வு, சிறுநீர் குறைதல் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஒரு கிழமை முதல் பத்து நாள் போதும். ஆகவே கிழமைக்கு ஒரு தடவை வீட்டைச் சுற்றிப் பார்த்தால் ஒரு தலைமுறை தப்பாது. ஜும்ஆவுக்கு ஆண்கள் புறப்பட முன் அரை மணித்தியாலம் அவர்களையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கூரைப் பீலிக்கு ஏறுவது அவர்கள் வேலை. சிரட்டை, யோகட் கோப்பை, பழைய டயர், பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவைதான். பள்ளிவாசலில் வுழூச் செய்யும் ஹவுழையும், பாவிக்காத மலசலகூடத் தொட்டியையும், உம்ராவுக்குப் போய்ப் பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டையும் யாரும் நினைப்பதில்லை. இரவில் பாத்திரங்களை மூடி வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதைக் குடிதண்ணீர்க் குடத்தோடு நிறுத்திவிடாமல், குளியலறை பீப்பாவுக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் மூடி போடுங்கள்.

தண்ணீரைக் கொட்டிவிட்டு வாளியைக் கவிழ்த்து வைத்தால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். இந்த நுளம்பு முட்டையைத் தண்ணீரில் இடுவதில்லை. தண்ணீருக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். சில வேளைகளில் தாய் நுளம்பிலிருந்து வைரஸும் முட்டைக்குள் போயிருக்கும் என்கிறார்கள். கறுப்பாக, மிளகுத்தூள் ஒட்டியதைப் போல இருக்கும். தும்பையும் சவர்க்காரத்தூளையும் எடுத்து உட்சுவரை நன்றாக உரசிக் கழுவுங்கள். கழுவிய தண்ணீரைக் கானில் ஊற்றாமல் வெயில் படும் மணலில் ஊற்றுங்கள்.